வெடித்த தக்காளிக்கு ஒரு வழி

பத்து நாள் வெயிலில் காய்ந்து இறுகிக் கிடந்த செம்மண் நிலத்தில் ஒரே இரவில் இரண்டு உழவு மழை பெய்துவிட்டால், ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களில் அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் பழங்கள் வெடிக்கத் தொடங்கிவிடுகின்றன. காம்படியிலிருந்து கீழ்நோக்கி ஓடும் கீறல் ஒரு வகை. காம்பைச் சுற்றி வளையம் வளையமாகத் தோல் பிளப்பது இன்னொரு வகை. எந்த வகையாயினும், இராயக்கோட்டைச் சந்தைக்கோ, எல்லை தாண்டிப் பெங்களூரின் கலாசிபாளையத்துக்கோ அப்பழம் போய்ச் சேரும்போது அதன் கதி ஒன்றுதான். ஒரு கிரேடுப் பெட்டியின் மேலடுக்கில் நாலைந்து வெடிப்புப் பழம் கண்ணில் பட்டால் அந்தக் கிரேடு முழுவதற்கும் விலை இறங்குகிறது. அடியில் இருக்கும் நல்ல பழமும் அதே விலைக்குப் போகிறது. வெடிப்பு மிகுந்துவிட்டாலோ, பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இந்த நஷ்டத்துக்குப் பரிகாரம் எது என்று கேட்டால், விவசாயிகள் சங்கக் கூட்டங்களிலும், அதிகாரிகள் நடத்தும் குறைதீர்க்கும் நாட்களிலும், தேர்தல் மேடைகளிலும் ஒரே விடைதான் பல ஆண்டுகளாகக் கூறப்பட்டு வருகிறது: குளிர்பதனக் கிடங்கு வேண்டும். கேட்பவர்களின் துயரம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயினும், தக்காளியின் சுபாவத்தையும் வெடிப்பு நேரும் முறையையும் சிறிது நிதானமாக ஆராய்ந்து பார்த்தால், வெடித்த பழத்தை எந்தக் கிடங்கும் காப்பாற்றாது என்பதும், அதற்கு வேண்டியது சேமிப்பன்று, பறித்த நாளிலேயே திறக்கும் வேறொரு வாசல் என்பதும் விளங்கும் என்பது என் அபிப்பிராயம். அந்த வாசலை அமைத்துத் தரும்படி அரசிடம் கேட்பதே நியாயமான கோரிக்கையாகும்.

ஜவளகிரி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில் அமைந்த மேட்டு நிலத்தின் ஓரத்தில், காவிரி வடக்கு வனவுயிரின சரணாலயத்தின் காடுகளை ஒட்டி, கர்நாடக எல்லைக்கு அருகே உள்ள ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இப்பிரதேசத்தில், பக்கத்துத் தளிக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பெயர் வழங்குமளவுக்குச் சீதோஷ்ணம் இதமானது. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டாங்காடுகள், ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர்க் குழாயும் வந்த பின் தக்காளி, கோஸ், பீன்ஸ், குடைமிளகாய் என்று மாறின. கோடை மழையும், தென்மேற்குப் பருவமழையும், புரட்டாசி ஐப்பசி மழையும் இங்கே இடைவெளி விட்டு விட்டுப் பெய்வதால், வறட்சியும் ஈரமும் மாறி மாறி வருகின்றன. பழ வெடிப்புக்கு இதைவிடத் தோதான சூழ்நிலை வேறில்லை.

வெடிப்பு நேரும் விதம் அறியத்தக்கது. தக்காளிப் பழத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 94 பங்கு நீர். பழம் சிறிதாகவும் பச்சையாகவும் இருக்கும்போது அதன் தோல் வளர்ந்து கொடுக்கும். முதிர்ச்சியை நெருங்க நெருங்கத் தோலின் மேற்பூச்சு தடித்து, இழுபடும் தன்மையை இழந்துவிடுகிறது. மண் காய்ந்திருக்கும் நாட்களில் பழத்துக்குள் சர்க்கரையும் பிற சத்துக்களும் செறிந்து நிற்கின்றன. அந்நிலையில் திடீரென்று மழை பெய்து வேர்கள் நீரை வாரி இழுத்து மேலேற்ற, மேகம் மூடிய வானத்தின் கீழ் இலைகள் அந்நீரை ஆவியாக வெளியேற்ற இயலாதுபோக, அது பழத்தில் போய்த் தங்குகிறது. உள்ளிருக்கும் சதை பருக்கிறது. வெளியிலுள்ள தோலுக்கோ இடம் கொடுக்கும் சக்தியில்லை. காம்பு பொருந்திய குழிவான இடத்தில் தோலும் தழும்புத் திசுவும் சேருமிடம் பலவீனமானது. அங்கே தேங்கி நிற்கும் மழைநீரும் உள்ளே கசிவதால், முதல் கீறல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பகலெல்லாம் நேர் வெயில் பட்டுச் சூடேறிய பழம் இன்னும் எளிதில் வெடிக்கும்; அதனால்தான் இலை கருகிய செடியிலும், அளவுக்கு மீறிக் கவாத்து செய்த செடியிலும் வெடிப்பு அதிகமாகக் காணப்படுகிறது. சுண்ணாம்புச் சத்தும் போரான் சத்தும் குறைந்த மண்ணில் திசுக்களின் சுவர்கள் உறுதியற்றுப் போவதும் ஒரு காரணம்.

ஆகவே தோட்டத்தில் செய்ய வேண்டியவை பெரிய இரகசியங்கள் அல்ல. மண்ணின் ஈரத்தை ஒரே சீராக வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை. சொட்டுநீர் இருந்தும், மின்சாரம் வரும் நேரத்தில் மொத்தமாகத் திறந்துவிட்டுப் பிறகு மூன்று நாள் மூடிவைத்தால் மழை செய்யும் கேட்டை நாமே செய்தவர்களாவோம். நிலப்போர்வை விரிப்பது, இலைகளை நோயில்லாமல் காப்பது, குச்சி நட்டுக் கயிறு கட்டி ஏற்றுவது, தோல் தடித்த இரகங்களைத் தெரிந்தெடுப்பது ஆகிய யாவும் பயன் தருவன. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா ரக்ஷக்’ போன்ற கலப்பினங்கள், மூன்று கொடிய நோய்களைத் தாங்குவதோடு பழமும் கெட்டியாக இருப்பதால் தூரப் பயணத்துக்கும் பதப்படுத்தலுக்கும் உகந்தவை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே பையூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக்கு ஏற்ற ‘பையூர் 1’ தக்காளியைத் தந்த நிலையம் அது. இத்தனையும் இருந்தும், வானத்தின் மீது எவருக்கும் அதிகாரம் இல்லாமையால், எந்தப் பருவத்திலும் ஒரு பகுதி வெடிக்கத்தான் செய்யும். அந்த ஒரு பகுதியைப் பற்றியதே என் பேச்சு.

தக்காளியைப் போலவே மழைக்கு அஞ்சி வாழும் இன்னொரு பழம் செர்ரி. காஷ்மீரத்தின் ஷோப்பியான், காந்தர்பல், ஸ்ரீநகர்ப் பகுதிகளில் ‘மிஷ்ரி’, ‘டபுள்’, ‘மக்மலி’ என்ற பெயர்களில் விளையும் அப்பழம் வைகாசியிலிருந்து ஆடிக்குள் பறித்து முடிக்கப்படுவது. இந்தியாவின் செர்ரி விளைச்சலில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. பறிப்புச் சமயத்தில் மழையோ ஆலங்கட்டியோ விழுந்தால் அங்குள்ள தோட்டக்காரர்கள் படும் பாடு நம் ஜவளகிரிக்காரர் படும் பாட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று. இது எவ்வளவு பழைய துன்பம் என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1931-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் வெர்னரும் பிளாட்ஜெட்டும், பழங்களைச் சுத்த நீரில் மூழ்க வைத்து, எத்தனை பழம் எத்தனை மணி நேரத்தில் வெடிக்கிறது என்று கணக்கிட்டு, ஒவ்வோர் இரகத்துக்கும் ஒரு வெடிப்பு எண் கொடுக்கும் முறையை வகுத்தார்கள். இன்று அந்நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை நின்றதும் ஹெலிகாப்டரை வாடகைக்கு அமர்த்தி, மரங்களின் மேல் தாழப் பறக்கச் செய்து, பழத்தில் தங்கிய நீரை உதறித் தள்ளுகிறார்கள். சில இடங்களில் தோட்டத்துக்கே கூரை போடுகிறார்கள். கால்சியம் உப்பு கலந்த நீரைத் தெளித்துத் தோலுக்குள் நீர் புகுவதைத் தணிக்கிறார்கள். இவ்வளவு செலவு செய்வதற்கு அப்பழத்தின் விலை இடங்கொடுக்கிறது.

பறித்த பின் செர்ரிக்குச் செய்யும் உபசாரம் குளிர்ச்சி ஒன்றுதான். பறித்த சில மணி நேரத்துக்குள் பனிநீரில் நனைத்து வெப்பத்தை நீக்கி, சைபர் டிகிரியில், காற்றில் ஈரம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருக்கும்படி வைத்தால், மூன்று நான்கு வாரம்கூடக் காம்பு பச்சை மாறாமல் நிற்கும். செர்ரி, மரத்தை விட்டுப் பிரிந்த பின் பழுக்காத ஜாதி. எந்த நிலையில் பறித்தோமோ அந்த நிலையிலேயே அதை நிறுத்தி வைப்பதுதான் சேமிப்பின் வேலை. சிலி நாட்டார் அப்படித்தான் கடல் வழியே மூன்று வாரங்களில் சீனத்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் 2025-இன் தொடக்கத்தில் அவ்விதம் செர்ரி ஏற்றிச் சென்ற கப்பல் ஒன்று நடுக்கடலில் இயந்திரம் பழுதாகிப் பல நாள் நின்று, காலம் கடந்து கரை சேர்ந்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட குளிர்பெட்டிகளில் இருந்த பழம் விற்பனைக்கு உதவாமல் போயிற்று. குளிர்ச்சி நாளை நீட்டிக்கும். கெடத் தொடங்கியதைத் திருப்பித் தராது.

தக்காளியின் இயல்போ இதற்கு நேர் எதிரானது. அது வெப்ப நாட்டுச் செடி. குளிர் அதற்குப் பகை. செங்காயாகப் பறித்த தக்காளியை 12, 13 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால், வெளியே எடுத்த பிறகு அது ஒழுங்காகச் சிவப்பதில்லை. திட்டுத் திட்டாக நிறம் மாறும், தோலில் குழி விழும், சதை மாவுபோல் ஆகும், மணமும் ருசியும் குன்றும், கருமையான பூஞ்சைப் புள்ளிகள் சீக்கிரமே வரும். வெப்பமும் மிகக்கூடாது, 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறத்தைத் தரும் லைகோபீன் உண்டாவது தடைப்பட்டு, பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். செங்காய்க்கு உகந்தது 12 முதல் 15 டிகிரி. அதைப் பழுக்க வைக்க உகந்தது 20 டிகிரியை ஒட்டிய வெப்பம். நம் நாட்டுக் குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பகுதியும் உருளைக்கிழங்கை மனத்தில் கொண்டு இரண்டு முதல் நான்கு டிகிரிக்கு அமைக்கப்பட்டவை. அப்படியோர் அறையில் தக்காளியை அடுக்குவது அதைக் கெடுப்பதற்கு வாடகை கொடுப்பதாகும். பலவகைப் பொருளையும் ஒன்றாக வைக்கும் கிடங்கிலோ வேறொரு தொல்லை: மாம்பழம் போன்றவை வெளியிடும் எத்திலீன் வாயு, பக்கத்திலுள்ள செங்காய்களை அவசரப்படுத்திப் பழுக்கச் செய்துவிடும்.

வெடித்த பழத்தின் நிலை இன்னும் மோசம். முழுத் தோல் உள்ள தக்காளி மூச்சு விடுவதெல்லாம் பெரும்பாலும் காம்புத் தழும்பின் வழியாகத்தான். தோலில் துளைகள் இல்லை. கீறல் விழுந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. நீர் வேகமாக வெளியேறுகிறது. காயம்பட்ட பழம் எத்திலீனை மிகுதியாக விட்டு அண்டையிலுள்ள பழங்களையும் பழுக்க வைக்கிறது. புளித்த மணமுள்ள ஜியோட்ரைக்கம், கறுத்த ஆல்டர்னேரியா, சாறு ஒழுகச் செய்யும் ரைசோபஸ் ஆகிய பூஞ்சைகள் உள்ளே புகுகின்றன. பழ ஈக்கள் கீறலில் முட்டையிடுகின்றன. மேல் கிரேடில் ஒழுகும் சாறு கீழ்க் கிரேடுகளையும் நனைத்து நோயைப் பரப்புகிறது. மண் போகட்டும் என்று குளிர்ந்த தொட்டி நீரில் வெடிப்புப் பழத்தைக் கழுவுவது மேலும் அபாயம்: வெயிலில் சூடேறிய பழத்தின் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது, தொட்டியிலுள்ள அழுக்கு நீரையே பழம் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் கழுவும் நீர் பழத்தின் வெப்பத்தைவிட ஐந்தாறு டிகிரி சூடாகவும், குளோரின் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும் என்பது பதப்படுத்தும் துறையின் விதி. இத்தகைய பழத்தைக் கிடங்கில் ஒரு வாரம் வைத்துப் பிறகு நல்ல விலைக்கு விற்கலாம் என்று நம்பிக்கை கொடுப்பவர், விவசாயிக்கு நன்மை செய்பவர் ஆகமாட்டார்.

இங்கே ரோஜாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே வட்டாரத்தில், அமுதகொண்டப்பள்ளியில் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமும் பங்குகொண்ட டான்ஃப்ளோரா மலர்ப் பூங்காவிலும், பாகலூர், தளிச் சாலைகளின் இருமருங்கிலும் உள்ள பசுமைக்குடில்களிலும் விளையும் ‘தாஜ்மஹால்’ ரோஜா, அரும்பாக இருக்கும்போதே வெட்டப்பட்டு, வெட்டிய கணமே நீரில் நிறுத்தப்பட்டு, இரண்டு முதல் நான்கு டிகிரிக் குளிரறையில் தங்கி, குளிரூட்டிய வண்டியில் பெங்களூர் விமான நிலையம் சேர்ந்து, பிப்ரவரி 14-க்கு முன் கடல் கடந்த நாடுகளை எட்டுகிறது. தளியில் இந்திய–இஸ்ரேல் கூட்டுறவில் மலர்களுக்கென ஒரு மகத்துவ மையமே இருக்கிறது. அதே சாலையில் தார்ப்பாய் போர்த்திய சரக்கு வண்டியில், ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி அடுக்கப்பட்ட தக்காளிக் கிரேடுகள் குலுங்கிக்கொண்டு போகின்றன. ரோஜாவுக்குக் கிடைக்கும் விலை தக்காளிக்குக் கிடைக்காது. ஆகவே ரோஜாவுக்குச் செய்யும் செலவைத் தக்காளிக்கும் செய்யும்படி கேட்பது நடக்கிற காரியமன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோஜா இந்த மண்ணுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு: எந்தப் பொருளுக்கு எத்தனை மணி நேரம் ஆயுள் என்று தெரிந்து, அந்த நேரத்துக்குள் முடிகிற மாதிரி வேலையை வகுப்பது. ஓசூர்ச் சிப்காட் வளாகத்தின் மோட்டார்த் தொழிற்சாலைகளும் கடிகாரத் தொழிற்சாலையும் பல பத்தாண்டுகளாக நடந்துவருவது இந்த நியதியின் மேல்தான். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களில் பலர் தக்காளி விளைவித்த குடும்பங்களின் பிள்ளைகள். தக்காளிக்கும் மணிக்கணக்கு இருக்கிறது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

தக்காளியின் மணிக்கணக்கு பறிப்பில் தொடங்குகிறது. மழை வரும் என்று வானிலை அறிவிப்பு கூறினால், நிறம் திரும்பத் தொடங்கிய செங்காய்களை முதல் நாளே பறித்துவிடுவது நல்லது. செடியை விட்டுப் பிரிந்த பின்பும் தக்காளி பழுக்கும் ஆதலால், அடிப்புறத்தில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும் காயைப் பறிப்பதால் ருசியில் பெரிய குறை நேராது, வெடிப்போ முற்றிலும் தவிர்ந்துவிடும். இதற்கு ஜவளகிரியில் குறுக்கே நிற்கும் ஒரு சிரமத்தை நகரத்து ஆலோசகர்கள் நினைப்பதே இல்லை. ஐப்பசியிலிருந்து தை, மாசி வரை பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் கேழ்வரகுக் கதிரை நாடி இப்பக்கம் வருகின்றன. பரண் மேல் இரவெல்லாம் கண் விழித்துக் காவல் காத்தவரை, அந்தி சாய்ந்த பின்னோ விடியுமுன்னோ தோட்டத்தில் இறங்கிப் பறிக்கச் சொல்வது உயிரோடு விளையாடுவதாகும். பறிப்பு நடக்கக்கூடியது பகல் வெளிச்சத்தில்தான். ஆகவே பறித்த பழம் வெயிலில் நிற்காமல் இருக்க நிழல் வேண்டும், அந்த நிழலும் தோட்டத்தின் வரப்பிலேயே வேண்டும்.

அதற்கு மலிவான உபாயம் ஒன்று இந்த நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. புது தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980-களில் சுசாந்த ராயும் குர்தியாவும் உருவாக்கிய, மின்சாரம் வேண்டாத குளிர்த்தொட்டி அது. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே சுமார் ஏழரை சென்டிமீட்டர் இடம் விட்டு, அதில் ஆற்று மணலை நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்து, மேலே கூரை வேய்ந்தால், வறண்ட நாட்களில் உள்ளே வெப்பம் வெளியைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் குறைகிறது. காற்றின் ஈரமும் நூற்றுக்குத் தொண்ணூறை எட்டுகிறது. அடைமழை நாட்களில் அவ்வளவு குளிராது என்பது உண்மை. ஆனால் ஜவளகிரியின் உயரத்தில் மழை நாளின் வெப்பமே தக்காளிக்கு உகந்த அளவை ஒட்டி நிற்பதால் அந்நாட்களில் நிழலும் காற்றோட்டமும் போதும். கோடையில்தான் தொட்டியின் உதவி தேவைப்படும். ஏறக்குறைய நூறு கிலோ கொள்ளும் இத்தொட்டிகளைத் தோட்டத்துக்கு இரண்டு மூன்றாகக் கட்ட மானியம் கொடுத்தால், கோடி ரூபாயில் கட்டும் ஒரு கிடங்கு செய்யாத வேலையை அவை செய்யும்: நல்ல செங்காயை இரண்டு மூன்று நாள் தாங்கி, சந்தை விலை இறங்கிய நாளில் விற்றே தீர வேண்டிய நிர்ப்பந்தத்தைத் தளர்த்தும்.

இனி வெடித்த பழத்துக்கு வருகிறேன். லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் தக்காளி விளைச்சலில் 12.44 விழுக்காடு அறுவடைக்குப் பின் வீணாகிறது. இது அளவில் நேர்ந்த இழப்பு. நல்ல பழமும் வெடித்த பழமும் ஒரே கிரேடில் கலந்து மலிவு விலைக்குப் போனதால் நேர்ந்த இழப்பு இதற்குப் புறம்பானது. விவசாயி ஏன் கலக்கிறார்? தரம் பிரித்துக் கொண்டு போனால் முதல் தரத்துக்கு மண்டியில் கூடுதல் விலை கிடைக்கும் என்ற நிச்சயம் அவருக்கில்லை. இரண்டாம் தரத்தை வாங்குவார் எவருமில்லை. இரண்டாம் தரத்துக்கு ஒரு நிலையான வாங்குபவர் ஏற்பட்டால்தான் முதல் தரம் தனியே பிரிந்து நிற்கும். இவ்விரண்டையும் தனித்தனிப் பிரச்சினைகளாகக் கருதுவதே இதுவரை வந்த திட்டங்களின் குறை என்று நினைக்கிறேன்.

செர்ரி உலகம் இதற்கு ஒரு பழைய முன்மாதிரியைத் தருகிறது. 1920-களில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்து வெளிர்நிறச் செர்ரிகள், பதப்படுத்த உப்புநீரில் இட்டால் குழைந்துபோனமையால், வாங்குவாரின்றி விவசாயிகள் திண்டாடினார்கள். அங்குள்ள வேளாண்மைக் கல்லூரியின் பேராசிரியர் எர்னஸ்ட் வீகண்ட் பல ஆண்டுகள் முயன்று, உப்புநீரில் கால்சியம் உப்புக்களைச் சேர்த்துப் பழத்தைக் கெட்டிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். அதன் விளைவாகக் கேக்கின் மேல் வைக்கும் சிவந்த செர்ரித் தொழில் அந்த மாநிலத்தில் வேரூன்றியது. ஒரு கல்விச் சாலை, ஒரு பழத்தின் குறையை அறிந்து, அக்குறையோடேயே அதற்கு ஒரு சந்தையை உண்டாக்கிக் கொடுத்தது.

நமக்கு அவ்வளவு ஆராய்ச்சியும் தேவையில்லை. சாதனம் அருகிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் பல உள்ளன. பெங்களூரா என்று நாம் அழைக்கும் கிளிமூக்கு மாம்பழத்தைப் பிழிந்து, கிருமி நீக்கிய பைகளில் அடைத்து ஏற்றுமதி செய்யும் இவ்வாலைகளுக்கு வேலை மாம்பழக் காலமாகிய சில மாதங்களில்தான் மிகுதி. ஆவணிக்குப் பின், தக்காளி வெடிக்கும் பருவத்தில், அவற்றின் கொப்பரைகளில் பெரும்பகுதி ஓய்ந்திருக்கிறது. தக்காளிக் கூழுக்குச் சில கூடுதல் இயந்திரங்கள் வேண்டும். முக்கியமாக நீரை வற்றச் செய்யும் பாத்திரம் வேண்டும். ஆலைக்காரர் தரப்பில் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: நம் சந்தைக்கென விளையும் கலப்பினத் தக்காளியில் கரைந்துள்ள திடப்பொருள் நூற்றுக்கு நாலரை, ஐந்து பங்குதான், திடப்பொருள் நூற்றுக்கு 28 பங்குள்ள கெட்டிப் பசை ஒரு கிலோ எடுக்க ஏறத்தாழ ஆறு கிலோ பழம் செலவாகும், வற்றச் செய்யும் எரிபொருள் செலவு வேறு. ஆகவே பசை செய்வதைவிட, வற்றச் செய்யும் வேலை குறைந்த சாதாரணக் கூழாகவே, ஓசூர், பெங்களூர் நகரங்களின் தொழிற்சாலை உணவகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் விற்பது இப்பிரதேசத்துக்குப் பொருந்தும் வழியாகும். ஆயிரக்கணக்கானோருக்கு அன்றாடம் சாம்பாரும் ரசமும் சமைக்கும் அந்தச் சமையற்கூடங்களுக்குப் பழத்தின் தோலில் கீறல் இருந்ததா என்பது கவலையில்லை. கூழ் சுத்தமாக இருக்கிறதா என்பதே கவலை.

சுத்தம் என்பதில்தான் காலம் மறுபடியும் வந்து நிற்கிறது. கூழின் தரத்தை மதிப்பிடும்போது அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பூஞ்சை இழைகள் எத்தனை பார்வைகளில் தென்படுகின்றன என்று எண்ணுகிறார்கள். அளவுக்கு மிஞ்சினால் முழுத் தொகுதியும் தள்ளப்படும். காலையில் வெடித்துக் கிடந்ததைப் பறித்து அன்று மாலைக்குள் பிழிந்து கொதிக்க வைத்தால் அது உணவு. இரண்டு நாள் மண்டியிலும் சாலையிலும் கிடந்த பின் பிழிந்தால் அது குப்பை. ஆகவே ஆலை கிருஷ்ணகிரியில் இருப்பது மட்டும் போதாது. ஜவளகிரிக்கும் தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவே ஓரிடத்தில், பழத்தைத் தரம் பிரித்து, கழுவி, நசுக்கி, உடனே சூடாக்கிப் பீப்பாயில் அடைக்கும் சிறு நிலையம் ஒன்று வேண்டும். அங்கிருந்து ஆலைக்குப் பீப்பாய் போகலாம், அவசரமில்லை. தமிழக அரசு சில ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பத்து மாவட்டங்களில் காய்கனி வழங்கல் தொடருக்கென முதன்மைப் பதப்படுத்தும் நிலையங்களை அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது. அந்தத் திட்டத்தின் நோக்கமே இதற்கு இடங்கொடுப்பது. புதிய சட்டமோ புதிய துறையோ தேவையில்லை.

மத்திய அரசு 2018-இல் 500 கோடி ரூபாயில் அறிவித்த ‘ஆபரேஷன் கிரீன்ஸ்’ திட்டம் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்காகத் தொடங்கப்பட்டது. விலை சரியும்போது ஏற்றிச் செல்லும் செலவிலும் சேமிப்புச் செலவிலும் பாதியை மானியமாகத் தர வகை செய்தது. ஏற்றிச் செல்வதற்கும் சேமிப்பதற்கும் தகுதியுள்ள பழத்துக்கு இது நல்ல உதவி. ஏற்றவும் வைக்கவும் தகுதியற்றதாகிவிட்ட பழத்துக்கு அந்த மானியத்தில் இடமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய போது, சென்னையில் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க நேர்ந்தது. வேறு பருவங்களில் கிலோ ஓரிரு ரூபாய்க்கும் கேட்பாரில்லாமல் விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். மலிந்த பருவத்தின் வெடிப்புப் பழம் கூழாகப் பீப்பாயில் நின்றிருந்தால், அருகிய பருவத்தில் அது சமையற்கூடங்களின் தேவையில் ஒரு பகுதியைத் தீர்க்கும். சந்தையில் புதுப் பழத்தின் மீது விழும் நெருக்கடியும் அந்த அளவுக்குக் குறையும். விவசாயிக்கும் நகரத்துக் குடும்பத்துக்கும் ஒருங்கே நன்மை தரும் காரியங்கள் வேளாண்மையில் அதிகம் இல்லை. இது அவற்றுள் ஒன்று.

கூழுக்கு விலை வைத்தால் நல்ல பழத்தின் விலையும் அந்த அளவுக்கு இறங்கிவிடுமோ என்று விவசாயிகளில் சிலர் அஞ்சக்கூடும். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பால் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்புச் சத்தை அளந்து விலை போடும் வழக்கம் நம் கிராமங்களுக்குப் புதியதன்று. அதுபோலவே தக்காளியிலும் ஒரு துளிச் சாற்றைக் கருவியில் விட்டுத் திடப்பொருளை அளந்து, எடையோடு சேர்த்து விலை நிர்ணயித்தால், கூழ்ப் பழத்தின் விலைக்கு மண்டி விலையோடு தொடர்பு இருக்க வேண்டியதில்லை. நிலையத்தை நடத்தும் பொறுப்பை இவ்வட்டாரத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் ஒப்படைத்து, அளவையும் கணக்கையும் தோட்டக்கலைத் துறை மேற்பார்வையிட, ஆலைகள் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வரும் கோடை மழைக்கு முன்பாக மாவட்ட ஆட்சியர் இம்மூன்று தரப்பாரையும் ஓரிடத்தில் அழைத்து, வெடித்த பழத்துக்குக் கிலோவுக்கு இன்ன விலை, அது இன்ன நேரத்துக்குள் நிலையத்துக்கு வர வேண்டும், பணம் இத்தனை நாளில் கைக்கு வரும் என்ற மூன்றையும் எழுத்தில் முடிவு செய்து, தளி ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.